ஓம் என்று அடித்த கை

எழுதிப் பழக்கமில்லாத கை இது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள் நான். வசனங்கள் கோணல்மாணலாகப் போகும். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் சில இடங்களில் மறந்துவிட்டது. ஆட்களுக்கு முன்னால் நாலு சொல் கதைக்கவே கூச்சப்படுகிறவள். வீட்டுக்கு யாரும் வந்தால் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுத்துக்குத்தான் இந்த மன்னிப்பு. செய்த காரியத்துக்கு இல்லை.

இணுவிலில் நான் இருக்கிற இந்த வீடு அம்மா வழியாக எனக்குச் சீதனமாக வந்தது. கணவர் காலமானபிறகு தனியாகத்தான் இருக்கிறேன். பிள்ளைகள் இல்லை. எனக்கென்று இருப்பது ஒரு தம்பி, கனடாவில். கம்பியூட்டர் வேலைதான் அங்கே அவனுக்கு. தன் வீட்டில் பழசாகிப்போன கம்பியூட்டர் ஒன்றை, திருவிழாவுக்கு வந்த ஓர் ஆளிடம் எனக்குக் கொடுத்துவிட்டான். முகம் பார்த்துக் கதைக்கலாம், தேவாரம் கேட்கலாம், தனிமை தெரியாது என்றான்.

அதில் ஒரு கறுப்புத் திரை இருக்கிறது. படமும் இல்லை, பொத்தானும் இல்லை. எழுத்தை அடித்தால் அது எழுத்தாலேயே பதில் சொல்லும். ஏதாவது புதிதாக வேண்டுமென்றால் அந்தத் திரையில் கட்டளை எழுதித்தான் வரவழைக்க வேண்டும். வேண்டாமென்றால் அனுப்பிவைப்பதும் அதில்தான். அப்படி வருவதையும் போவதையும் தம்பி பக்கேஜ் என்பான். நான் பொதி என்று சொல்லிக்கொள்வேன்.

ஞாயிறு காலைகளில் தொலைபேசியில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுவான்.

"எஸ் அடியுங்கோ அக்கா. பிறகு யூ. டி. ஓ. இப்ப ஒரு இடைவெளி விடுங்கோ."

"இடைவெளி எண்டால் எவ்வளவு?"

"ஒரு தட்டுத்தான். நீட்டுக் கட்டையைத் தட்டுங்கோ. பிறகு ஏ, பி, ரி."

"இது என்ன சொல்லடா தம்பி?"

"உதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. யோசியாதேங்கோ. நான் சொன்னதை அடியுங்கோ, காணும்."

ஏ, பி, சி, டி எங்களுக்கு நாலாம் வகுப்பில் காட்டித் தந்தார்கள். அதோடு நின்றதுதான், ஆனால் எழுத்துத் தெரியும். யோசிக்கவேண்டாம் என்றதால் வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கிவிட்டேன். வரவழைக்க ஒரு சொல், இன்ஸ்ரோல். அகற்ற ஒரு சொல், றிமூவ். இயந்திரத்தில் இடம் முட்டிப்போன ஒரு ஞாயிறு இன்னொன்றும் சொல்லித் தந்தான், ஓட்டோறிமூவ். கூடவந்தவற்றில் இனித் தேவைப்படாதவற்றை அது தானாகவே தேடி அனுப்பிவிடுமாம். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை யோசித்தா பாடமாக்கினோம்? பாடமாக்கிவிட்டால் பிறகு கணக்கு நம்முடையது.

பாஸ்வேர்ட் என்று ஒன்றும் வைக்கச் சொன்னான்.

"உதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது அக்கா. எனக்கும் சொல்லக்கூடாது. அதுதான் சட்டம்."

அதை அடிக்கும்போது திரையில் ஒன்றுமே வராது. ஒரு புள்ளிகூட விழாது. முதல்நாள் விசைப்பலகை பழுதாகிவிட்டதென்று பயந்துபோனேன். பிறகு அந்த இடம் எனக்குப் பிடித்துப்போனது. நான் எழுதுவதை எட்டிப் பார்க்காத ஒன்று இந்த வயதில்தான் வாய்த்தது.

பொதியை இறக்குவதற்கு முன்னால் அது ஒரு கேள்வி கேட்கும். தொடரட்டுமா என்று, அது தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பக்கத்தில் பெரிய வை எழுத்தும் சின்ன என் எழுத்தும் இருக்கும். வை என்றால் ஓம். என் என்றால் இல்லை.

"எப்பவும் வை அடியுங்கோ" என்றான் தம்பி. "ஒண்டும் அடியாமல் என்ரரைத் தட்டினாலும் சரி. பேசாமல் விட்டால் அது ஓம் எண்டு எடுக்கும். அதுதான் வை பெரிசாய் இருக்கு."

எனக்கு இதில் விளங்காத எதுவும் இருக்கவில்லை. பெண்பார்க்க வந்தவர்கள் கேட்டபோது நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை ஓம் என்று எடுத்தார்கள். தம்பி வெளிநாடு போகக் கிணற்றடிக் காணியை விற்கிறோம் என்று பெற்ற ஐயா சொன்னபோதும் நான் பேசவில்லை. அதையும் ஓம் என்றே எடுத்தார்கள். இந்த இயந்திரத்தைச் செய்தவர்களுக்கு எங்கள் வீட்டு வழக்கம் எப்படித் தெரிந்ததோ.

அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டில் களவு போனது. உடனே தம்பி ஒரு கமரா அனுப்பினான். இது புதினமில்லை. எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளைக் கடலுக்கு அப்பால் இருக்கிறவர்கள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். படலை வாசலில் நாய் படுத்தால் லண்டனிலிருந்து தொலைபேசி வரும். ஆனால் அவையெல்லாம் முற்றத்தைப் பார்க்கிற கமராக்கள். தம்பியின் சொற்படி வயர்காரர் வந்து இதை வீட்டுக்குள் பூட்டினார், அலுமாரிக்கு மேலே சுவரில், ஆணி வைத்து. அங்கிருந்து நடுவறை முழுக்கத் தெரியும். சாமியறை வாசலும் சமைக்கிற குசினியில் பாதியும் தெரியும்.

அந்தக் கமராவை இயக்குகிற பொதியைக் கறுப்புத் திரையில் வரவழைத்தது நான்தான். தம்பி எழுத்துச் சொன்னான், நான் அடித்தேன்.

"கூடக் கொஞ்சம் வரும் அக்கா. கேட்டால் வை அடியுங்கோ."

மாப்பிள்ளை வீட்டார் மாதிரி அது தன்னோடு ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்தது. பெயர்கள் திரையில் வரிசையாக இறங்கின. அந்தக் கூட்டத்தில் பாட்டுப் போடுகிற பொதியொன்றும் இருந்திருக்கிறது. ஏனென்றால் அன்றைக்குப் பிறகுதான், அதுவரை வாயே திறக்காமல் கிடந்த என்னுடைய பென் டிரைவிலிருந்து நாதஸ்வரம் கேட்டது. அளவெட்டிக்காரர் எங்கள் கோயிலில் வாசித்ததை ஒருவர் பதிந்து தந்த பென் அது. கமராவுக்குக்கூட நன்றி சொன்னேன் என்றால் பாருங்கள்.

பிறகு தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

"ஏன் அக்கா நிலத்திலை இருந்து சாப்பிடுறியள்? கதிரை இருக்கெல்லே?"

"நேற்று ஏன் விளக்கு வைக்கப் பிந்தினது?"

"மத்தியானத்திலை உப்பிடிப் படுக்கக் கூடாது. நடவுங்கோ."

நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். தலை வாரக் குளியலறைக்குப் போனேன். சேலையை எப்போதும் இழுத்துச் செருகிக்கொண்டு, சொந்த வீட்டில் விருந்துக்கு வந்தவள் மாதிரி நடந்தேன். அதையும் பொறுத்தேன். பொறுக்காமல் போனது வேறு ஒன்று.

எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறாள். வடக்குக் கரையில் இருந்து மீன் கொண்டுவருகிறவள். என்னிலும் கொஞ்சம் இளையவள், அக்கா என்று கூப்பிடுவாள். சண்டையால் ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சியில் கிடந்த காலத்தில் நானும் அவளும் ஒரே அடுப்பில் சமைத்தோம். என்னிடம் அரிசி இருந்தது, அவளிடம் பானை இருந்தது. திரும்பி வந்தபிறகு வாரநாளில் மீனோடு வருவாள். வெள்ளிக்கிழமையில் மீன் இல்லாமல், குளித்து, கோயிலுக்கு வந்து, அப்படியே என்னுடைய குசினிக்கு வந்துவிடுவாள். பலகையைப் போட்டு இருப்பாள். தேத்தண்ணி குடிப்போம். நாதஸ்வரம் கேட்போம். கூச்சமில்லாமல் நான் கதைக்கிற ஒரே ஆள் அவள்தான். சிரிக்கிற ஆளும் அவள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் குவளையைக் கையில் எடுத்திருக்கிறாள், சுவர் கதைத்தது.

"அக்கா, உது ஆர் உங்கை குசினிக்குள்ளை?"

தம்பியின் குரல். கமராவால் பார்க்கலாம் என்றுதான் எனக்குத் தெரியும். அதால் பேசவும் முடியும் என்று அவன் சொல்லியிருக்கவில்லை. அவளுக்குத் தேத்தண்ணி சீலையில் சிந்திவிட்டது.

"எனக்குத் தெரிஞ்ச ஆள் தம்பி" என்றேன். சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன். வேறு எங்கே பார்ப்பது?

"மீன் கொண்டு வாறவவெல்லே உவ? வெள்ளிக்கிழமையும் அதுவுமாய், சாமியறைக்குப் பக்கத்திலை... ஏன் உள்ளுக்கு எடுத்தனீங்கள்? வெளியிலை வைச்சுக் கதைச்சு அனுப்பலாமே."

அவள் குவளையை நிலத்தில் வைத்தாள். பிறகு எழும்பி அதைக் கழுவிக்கூட வைத்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நான் போட்டு வாறன் அக்கா" என்றாள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. என் பேசாமையை யார் யார் எப்படி எடுத்தார்களோ.

அடுத்த கிழமை படலையில் நின்று கூப்பிட்டாள். மீனைப் படலைக்கு மேலால் நீட்டினாள்.

"உள்ளை வாவன்."

"வேண்டாம் அக்கா. உங்கடை வீட்டுக்கு இப்ப கண்ணும் இருக்கு, வாயும் இருக்கு."

"அவன் அங்கையிருந்து சும்மா கத்துறான்."

"கத்தட்டும். ஆனால் என்ரை முதுகிலை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கத் தேத்தண்ணி இறங்காது. ஓட்டி மீனை இண்டைக்கே சமையுங்கோ, பழுதாகிப் போடும்."

அந்த வெள்ளிக்கிழமை கோயிலால் நேரே பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பிறகு வந்த வெள்ளியும் அப்படித்தான். பலகை சுவரோடு சாத்தியபடி நின்றது.

துணியால் கமராவை மூடிப் பார்த்தேன். "படம் கறுப்பாய் இருக்கு, என்ன அக்கா?" என்று தொலைபேசி வந்தது. வாய் தடுமாறி, தூசி தட்டினேன் என்று சொல்லித் துணியை எடுத்துவிட்டேன். வயரைக் கழற்றிப் பார்த்தேன். மத்தியானத்துக்கு முன்னமே வயர்காரர் வந்து நின்றார். கழலாதபடி ஒட்டுகிற ரேப் சுற்றிவிட்டுப் போனார். உலக்கையால் ஒரு போடு போடலாம்தான். ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. உடைத்தால், கிழவிக்கு விசர் என்பார்கள். தவிர, அதை உள்ளே எடுத்தது என் கை. வை என்று அடித்தது இந்த விரல். என் கையால் வந்தது என் கையாலேயே, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் போகட்டும் என்று நினைத்தேன்.

ஒரு காலை வேளை, நல்லநேரம் கெட்டநேரம் எதுவும் பார்க்கவில்லை. கறுப்புத் திரையைத் திறந்தேன். எஸ், யூ, டி, ஓ. இடைவெளி. ஏ, பி, ரி. இடைவெளி. இன்ஸ்ரோல் என்று வரவேண்டிய இடத்தில் றிமூவ். அதன்பிறகு அந்தக் கமராப் பொதியின் பெயர். ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லி அடித்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தால் கேட்டிருக்கும். அங்கே அவனுக்கு நித்திரை நேரம்.

பாஸ்வேர்ட் கேட்டது. கொடுத்தேன். திரையில் ஒன்றும் விழவில்லை.

பிறகு அந்தக் கேள்வி. இன்ன பொதி அகற்றப்படும், தொடரட்டுமா? பேசாமல் என்ரரைத் தட்டினாலே ஓம் என்று எடுத்திருக்கும். தட்டவில்லை. வை எங்கே என்று தேடி, அதை அமத்தி அடித்தேன். என் வாழ்க்கையில் கேட்டபிறகு நானாக விரும்பிச் சொன்ன முதல் ஓம் அதுதான்.

நாலைந்து வரி ஓடியது. சுவரில் கமராவின் சின்னப் பச்சை வெளிச்சம் நூர்ந்து இருண்டது.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் திரையில் இன்னொரு வரி வந்தது. அதில் பாடமாக்கின ஓட்டோறிமூவ் என்ற எழுத்துகள் கிடந்தன, கூடவந்தவை இனித் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் வீடுகளில் துடக்கு, அதாவது தீட்டு, கழிக்கும்போது பாதி வீட்டைக் கழுவிப் பாதியை விடுவதில்லை. மூலை முடுக்கெல்லாம் மஞ்சள் தண்ணி தெளித்து, பழம் பானைகளைக்கூட வெளியே போட்டுவிடுவோம். கமரா போனதென்றால் அதன் சுற்றமும் போகத்தானே வேண்டும்? அடித்தேன். கேட்டது. வை. நீட்டாக ஒரு பட்டியல் போனது. வீட்டைக் கழுவி விட்டதுபோல இருந்தது.

பின்னேரம் பென்னைப் போட்டேன். நாதஸ்வரம் வரவில்லை.

பென்னை இழுத்துத் திரும்பச் செருகினேன். பிறகுதான் விளங்கியது. பாட்டுப் போடுகிற பொதியும் மாப்பிள்ளை வீட்டாரோடு வந்ததுதானே. துடக்கென்று அள்ளிக் கொட்டியதில் அதுவும் போய்விட்டது. மஞ்சள் தண்ணி தெளிக்கிற ஒருத்திதான் இந்தப் பிழையை விடுவாள். தம்பி விட்டிருக்க மாட்டான்.

கை தொலைபேசிக்குப் போனது. அவனைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லுவான். ஆனால் கேட்டால், ஏன் போனது என்று தொடங்கி எல்லாம் வெளியே வரும். பாட்டோடு சேர்த்துக் கமராவையும் திரும்பப் பூட்டிவிடுவான். தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

கறுப்புத் திரை இன்னும் திறந்தபடியே இருந்தது. மேலே உருட்டிப் பார்த்தேன். போனவற்றின் பெயர்கள் மரண அறிவித்தல் மாதிரி அங்கேயே நின்றன. எது பாட்டுக்கு உரியதென்று எனக்குத் தெரியாது. ஒன்றை இன்ஸ்ரோல் போட்டு வரவழைத்தேன். பாடவில்லை. றிமூவ் போட்டு அனுப்பினேன். இன்னொன்றை வரவழைத்தேன். அதுவும் ஊமை. என்னைப் பெண்பார்க்க வந்து போனவர்கள் நினைவுக்கு வந்தார்கள். இப்போது கதிரையில் இருக்கிறது நான். வா, பாடு, பார்ப்போம். பாடமாட்டாயோ, சரி, போட்டு வா.

அப்படி ஒன்று வந்து இறங்கியதும் பென்னைப் போட்டேன். முதலில் தவில், பிறகு நாதஸ்வரம், வீடு அதிரும்படி. முன்னம் இது யாருடையதோ வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. இந்த முறை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வந்தது. இனி எந்தத் துடக்குக் கழிப்பிலும் போகாது என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே தம்பி கூப்பிட்டான், கண் விழித்ததும் விழியாததுமாக.

"அக்கா, கமரா வேலை செய்யேல்லை."

"ஓம்."

"என்ன ஓம்? வயர் கழண்டு போச்சோ?"

"இல்லை. நான்தான் றிமூவ் பண்ணினனான்."

அவன் சிரித்தான். "சும்மா பகிடி விடாதேங்கோ அக்கா. உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"நீதான்."

"நானோ?"

"எழுத்தெழுத்தாய்."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கள்ளர் வந்தால் என்ன செய்வியள்? தனிய இருக்கிறியள், தெரியுமே?"

"கள்ளன் வந்தால் நீ கனடாவிலை இருந்து ஓடி வருவியே? இருந்து பாப்பாய், அவ்வளவுதானே."

"உவ உள்ளுக்கு வரத்தானே இவ்வளவும் செய்யிறியள்?"

"ஓம், அவ வரத்தான்."

"சனம் என்ன கதைக்கும் அக்கா? எங்கடை வீட்டுக்கு..."

"என்ரை வீடு தம்பி. அம்மா எனக்கு எழுதின வீடு. ஆர் உள்ளுக்கு வாறது, ஆர் குசினியிலை இருக்கிறது எண்டு நான் சொல்லுறன்."

இவ்வளவு நீளமாக நான் யாரோடும் எதிர்த்துக் கதைத்ததில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டேன். அவன் குரலை இறக்கினான்.

"சரி, பாஸ்வேர்டைச் சொல்லுங்கோ. நான் இஞ்சையிருந்தே பூட்டுறன்."

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. உனக்கும் சொல்லக்கூடாது. அதுதான் சட்டம்."

"ஐயோ அக்கா... அப்ப நான் சொல்லுறதை அடியுங்கோ. ஒருக்கால் அடியுங்கோ, எனக்காக."

அவன் என்னோடு பிறந்தவன். என்னில் அக்கறை இல்லாமல் இதைச் செய்யவில்லை, அதுவும் எனக்குத் தெரியும். அடித்தேன். எஸ், யூ, டி, ஓ என்று அவன் சொல்லச் சொல்ல, இன்ஸ்ரோல் வரைக்கும், பொதியின் பெயர் வரைக்கும் ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்தேன். பாஸ்வேர்டும் அடித்தேன். அந்தக் கூட்டத்தின் பெயர்கள் திரும்பத் திரையில் இறங்கின. கேள்வி வந்து நின்றது.

"கேக்குதே? இப்ப வை அடியுங்கோ."

பெரிய வையைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த சின்ன என்னையும் பார்த்தேன். எத்தனை ஞாயிறு அந்த எழுத்து அங்கேயே கிடந்திருக்கிறது, நான் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை.

தொட்டேன்.

"என்ன வந்திருக்கு அக்கா? வாசியுங்கோ."

"ஏ," என்றேன். "பி. ஓ. ஆர். ரி."

"அபோர்ட்டோ?"

"என்ன சொல்லெண்டு எனக்குத் தெரியாது தம்பி. நீதானே யோசிக்க வேண்டாம் எண்டனி."

தொலைபேசியை வைத்துவிட்டான். அடுத்த ஞாயிறு கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறு கூப்பிட்டு, கோயில் கொடியேறிவிட்டதா, மழை எப்படி என்று மட்டும் கேட்டான். நானும் அதற்கு மட்டும் பதில் சொன்னேன். இப்போதும் அப்படித்தான் கதைக்கிறோம்.

வெள்ளிக்கிழமை நானே கோயில் வாசலில் போய் நின்றேன், சனத்துக்கு நடுவில், எனக்கிருக்கிற கூச்சத்தோடு. அவள் கும்பிட்டுவிட்டு வர, கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிவந்தேன். படலையில் நின்று, உள்ளே தெரிந்த சுவரைக் காட்டினாள்.

"உது அங்கைதானே இருக்கு அக்கா?"

"இருக்கு. குருடு."

"வாய்?"

"வாயும் இல்லை."

"ஆர் வந்து நிப்பாட்டினது?"

"ஏன், எனக்குக் கையில்லையே?"

என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நேரே நடுவறைக்குப் போய், நுனிக்காலில் எட்டி, தன்னுடைய குடையைக் கமராவில் கொழுவினாள். "ஆணி நல்ல இறுக்கமாய்த்தான் கிடக்கு" என்றாள். பலகையைத் தானே எடுத்துப் போட்டு இருந்தாள். நான் தேத்தண்ணி வைத்தேன். நாதஸ்வரமும் போட்டேன். குவளையைக் கழுவ எழும்பியவளை இருத்திவிட்டு நானே கழுவினேன்.

இவ்வளவும்தான். கம்பியூட்டர் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள். றிமூவ் என்று அடித்தால் முழுக்கப் போய்விடுமா, அல்லது உள்ளே எங்கேயாவது மிச்சம் கிடக்குமா? ஏதோ ஒன்று வெறுமையாக இல்லாததால் அகற்றவில்லை என்று ஒரு வரி வந்ததாக ஞாபகம், எழுத்துக்கூட்டி அகராதி பார்த்துத்தான் எடுத்தேன். சரியாக வாசித்தேனோ தெரியாது. ஓட்டோறிமூவ் ஒரே சொல்லா, நடுவில் கோடு வருமா என்பதும் இப்போது மயக்கமாக இருக்கிறது. நான் எழுதியதில் கட்டளை பிழையென்றால் திருத்திவிடுங்கள். மிச்சம் ஏதும் கிடந்தால் அதை அகற்றுகிற சொல்லையும் எழுதி அனுப்புங்கள். அடிக்கிறது நான் அடித்துக்கொள்வேன்.